கதையிலிருந்து நான் நீக்கிய தாய்

ஒரு கதையில் ஒரு தாய் இருந்தார். அவரை நான் நீக்கினேன். மறதியால் விட்டுப்போகவில்லை. அறியாமையும் இல்லை. அவர் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அதனால் நீக்கினேன். அந்தக் கதையால் ஒரு பையன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனான். அவனுடைய அம்மா என்னிடம் கேட்டபோது பொய் சொன்னேன். இதைப் படிக்கிற நீங்கள் எனக்குத் தீர்ப்புச் சொல்லப்போகிறவர்கள். உங்களிடம் எதையும் மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

மேடையில் சிரிக்கப் பேசுவது என் தொழில். கோயில் திருவிழா, கல்லூரி விழா, பள்ளி ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். மாமியார் மருமகள் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கென்று தனிச் சரக்கு வேண்டும் என்று தேடினேன். கிடைத்தது சர்க்கஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரயிலேறி ஊர் ஊராகச் சுற்றிய சர்க்கஸ்களின் கதைகள். பழைய நினைவுநூல்களைத் தேடிப் படித்தேன். தமிழில் இதை வேறு யாரும் சொல்வதில்லை என்று எனக்குக் கர்வம் இருந்தது.

அந்தக் கதைகளை நான் உண்மையாகவே நேசித்தேன். விடிவதற்கு முன் ரயில் வந்து நிற்கும். முதலில் எழும்புவது சமையல் கூடாரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். காலையில் யானைகளோடு தெருவில் ஊர்வலம். பகலில் ஒரு காட்சி, இரவில் ஒரு காட்சி. இரவுக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கம் மிருகங்களின் கூடாரத்தைப் பிரித்து ரயிலில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் வேறு ஊர். 1900-ஐ ஒட்டி பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் ஜெர்மனியில் சுற்றியபோது, இந்த ஏற்றி இறக்கும் வேலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ராணுவ அதிகாரிகள் வந்து நின்றார்களாம். சர்க்கஸ்காரர்கள் சலிக்காமல் சொல்லும் பெருமை இது. அந்த அதிகாரியாக நான் மேடையில் நடிப்பேன். கைதட்டல் நிச்சயம்.

எலுமிச்சைச் சாறு கதையும் அப்படித்தான். ஜார்ஜ் காங்க்ளின் என்ற சிங்கம் பழக்குபவர் 1921-இல் வெளியிட்ட நூலில், தன் சகோதரர் பீட் பற்றி எழுதியிருக்கிறார். 1857-இல் நடந்தது. பீட் கூடாரத்துக்கு வெளியே சாறு விற்றுக்கொண்டிருந்தார். தண்ணீர் தீர்ந்துவிட்டது. கூட்டமோ நெருக்குகிறது. உள்ளே ஓடினார். குதிரைமேல் நின்று வித்தை காட்டும் பெண் தன் சிவப்பு உடையை அலசிய தொட்டி அங்கே இருந்தது. சாயம் இறங்கித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்ட்ராபெர்ரி சாறு என்று கூவினார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விற்றது. அமெரிக்க சர்க்கஸ்களில் இளஞ்சிவப்பு எலுமிச்சைச் சாறு வந்த கதை இது என்பார்கள். இதைச் சொல்லும்போது பெண்கள் பக்கமிருந்து வரும் சிரிப்பை நான் காத்திருந்து வாங்கிக்கொள்வேன்.

இந்தக் கதையைச் சொன்னதில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை. அது தன் வீட்டு ஆளைப் பற்றிச் சர்க்கஸ்காரரே சொல்லிச் சிரித்த கதை. நான் தவறியது வேறு இடத்தில். சிரிப்பு முடிகிற இடத்தில் கதையை வெட்டும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. எங்கே வெட்டுகிறேன் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் தெரியும்.

ஸ்லிவர்ஸ் ஓக்லி என்ற கோமாளியைப் பற்றிச் சொல்வேன். ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்தைத் தனி ஆளாக, ஒரு வார்த்தை பேசாமல் ஆடிக் காட்டுவார். பந்து போடுபவர் அவரே, அடிப்பவர் அவரே, நடுவரோடு சண்டை பிடிப்பவரும் அவரே. அதை நான் கிரிக்கெட்டாக மாற்றி ஆடிக் காட்டுவேன். அவர் 1916-இல் தற்கொலை செய்துகொண்டார் என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஊர்ப் பையன்கள் யானைக்குத் தண்ணீர் சுமந்து ஓசி டிக்கெட் வாங்கியதைச் சொல்வேன். அதே 1916-இல் டென்னசி மாநிலத்தில், பாகனைக் கொன்றதற்காக மேரி என்ற சர்க்கஸ் யானையை ரயில் பளுதூக்கியில் தூக்கிலிட்டதைச் சொல்லமாட்டேன்.

பட்டப்பெயர்களைப் பற்றி நான் சொன்னதுதான் இதில் மோசம். கூடாரம் அடிக்கிற, வண்டி ஓட்டுகிற ஆட்களுக்கு அங்கே சொந்தப் பெயர் தங்காது. ஒருவன் மொட்டை. ஒருவன் சிரிச்சான். ஒருவன் வெறுமனே நாலு குதிரைக்காரன். சம்பளம் கொடுப்பவருக்கே உண்மைப் பெயர் தெரியாது என்று சொல்லி, நம் ஊர் பட்டப்பெயர்களையும் சேர்த்து அடுக்குவேன். கூட்டம் அதிரும். அந்தப் பெயர்களை நான் எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? கல்லறையிலிருந்து. 1918 ஜூன் 22 விடியற்காலையில், இண்டியானா மாநிலத்தின் ஹாமண்ட் அருகே, நின்றுகொண்டிருந்த ஹேகன்பெக்–வாலஸ் சர்க்கஸ் ரயிலின் மேல் பின்னால் வந்த காலி ராணுவ ரயில் மோதியது. அதன் ஓட்டுநர் தூங்கிவிட்டார். மரப்பெட்டிகள் தீப்பிடித்தன. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. யாரென்று சொல்ல ஆளில்லை. சிகாகோவுக்கு அருகில் புதைத்து, தெரிந்த பட்டப்பெயரையே கல்லில் வெட்டினார்கள். பட்டப்பெயரும் இல்லாதவர்களுக்கு 'பெயர் தெரியாத ஆண்' என்று எழுதினார்கள். அந்தக் கற்களில் இருந்த பெயர்களை எடுத்து வந்துதான் நான் சிரிக்க வைத்தேன்.

இப்போது அந்தத் தாய்க்கு வருகிறேன்.

பெரிய கூடாரத்துக்குப் பக்கத்தில் சிறிய கூடாரம் ஒன்று இருக்கும். உடலமைப்பில் வேறுபட்ட மனிதர்களை அங்கே மேடையேற்றிக் காசு வாங்கிக் காட்டுவார்கள். 1920-களில் ரிங்லிங் சர்க்கஸின் அந்தக் கூடாரத்தில் இரண்டு சகோதரர்கள் நின்றார்கள். மேடைப் பெயர் ஈக்கோ, ஐக்கோ. செவ்வாய்க் கிரகத்தின் தூதர்கள் என்பது விளம்பரம். அவர்கள் வந்த விண்கலம் மொஹாவி பாலைவனத்தில் விழுந்து கிடந்ததாம். அங்கிருந்து மீட்டு வந்தார்களாம். விளம்பரக்காரர்கள் கட்டிய கதை. வெளுத்த தோல், சடைசடையாக வளர்க்கவைத்த வெள்ளை முடி. எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாசிப்பார்கள்.

நான் மேடையில் சொன்னது இவ்வளவுதான். செவ்வாயிலிருந்து வந்தவர்கள் பூமியில் இறங்கி முதலில் கற்றுக்கொண்டது மாண்டலின் வாசிக்க என்பேன். விசா கேட்டார்களா, ரேஷன் கார்டு வாங்கினார்களா என்பேன். டிக்கெட் வாங்கி நம்பிய கூட்டத்தைக் கிண்டல் செய்வதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. கூட்டம் சிரித்தது அந்த முடிக்கும் தோலுக்கும்.

நான் அறிந்தது இது. அவர்கள் ஜார்ஜ் மியூஸ், வில்லி மியூஸ். வர்ஜீனியா மாநிலத்தில் ட்ரூவைன் என்ற இடத்தில், புகையிலைக் காட்டில் குத்தகைக்குப் பாடுபட்ட கறுப்பினக் குடும்பத்தின் பிள்ளைகள். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமி இல்லை. அல்பினிசம் என்பார்கள். வெளிச்சம் கண்ணைக் கூசும், பார்வை மங்கல், கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். சிறுவர்களாக இருந்தபோதே காட்சிக்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்தார்கள். கடத்திக்கொண்டு போனார்கள் என்பது குடும்பத்தார் சொல்வது. உழைப்புக்குக் கூலி தரவில்லை. உங்கள் அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிவைத்தார்கள்.

அம்மா சாகவில்லை. பெயர் ஹாரியட். பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தார். 1927 அக்டோபரில் அவர் வசித்த ரோனோக் நகரத்துக்கு ரிங்லிங் சர்க்கஸ் வந்தது. கறுப்பினத்தவர் எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த ஊர், காலம். அவர் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து மேடைக்கு அருகில் போனார். மேடையில் இருந்தவர்கள் முப்பதைத் தாண்டிய ஆண்கள். மூத்தவர் கூட்டத்தில் அம்மாவைக் கண்டார். அம்மா சாகவில்லை, பார் என்று தம்பிக்குக் காட்டினார். அந்தக் குடும்பத்தில் இதை இன்றும் சொல்கிறார்கள். சர்க்கஸ்காரர்கள் தடுத்தார்கள். போலீஸ் வந்தது. இவர்கள் என் பிள்ளைகள் என்று அவர் நகராமல் நின்றார். பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போனார். அதோடு விடவில்லை. தராத கூலிக்காக அந்தப் பெரிய கம்பெனிமேல் வழக்குப் போட்டார். பிறகு சகோதரர்கள் சம்பளம் பேசிக்கொண்டு மறுபடி சர்க்கஸுக்குப் போனார்கள். இளையவர் வில்லி 2001-இல் இறந்தபோது அவருக்கு வயது 108.

பெத் மேசி என்ற பத்திரிகையாளர் இதையெல்லாம் தேடித் தொகுத்து 2016-இல் 'ட்ரூவைன்' என்ற புத்தகமாக எழுதினார். அது என் அலமாரியில் இருக்கிறது. தாய் கூட்டத்துக்குள் வரும் பக்கத்தில் நான் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். படித்தபோது அழுதேன். எனவே தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். வீட்டில் அழுதேன், மேடையில் வெட்டினேன். அரைமணி நேரம் தொடர்ந்து சிரிக்க வைப்பவர் என்று நோட்டீசில் என்னைப் பற்றிப் போடுவார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற அந்தத் தாய் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

பள்ளியின் பெயரையும் ஊரையும் எழுதமாட்டேன். அந்தப் பையனுக்கு இன்னும் தொல்லை வேண்டாம். ஆண்டு விழா. மாலை நான்கு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். மேற்குப் பக்கம் பந்தல் திறந்திருந்தது, வெயில் உள்ளே விழுந்தது. முன்வரிசையில் ஒரு பையன் கையை நெற்றியில் குடைபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடி வெள்ளை. புருவமும் இமைமுடியும் வெள்ளை. எட்டாம் வகுப்பு என்று பிறகு தெரிந்தது. பார்வை குறைவு என்பதால் அவனை முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்தவுடனேயே அவனைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருக்க வழியே இல்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மேசை தூரம்தான்.

எலுமிச்சைச் சாறு கதைக்கு அவன்தான் முதலில் சிரித்தான். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தான். எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து செவ்வாய்க் கதை. சொல்லும் வரிசை எனக்கு மனப்பாடம். அந்த இடத்துக்கு வந்ததும் அவனைப் பார்த்தேன். இதை விட்டுவிடு என்று மனது சொன்னது. தெளிவாகச் சொன்னது. வேறு கதைக்குப் போயிருக்கலாம், என்னிடம் கதைக்கா பஞ்சம்? ஆனால் அதுவரை கூட்டம் நான் நினைத்த அளவுக்குச் சிரிக்கவில்லை. கடைசி வரிசைப் பிள்ளைகள் பேச ஆரம்பித்திருந்தார்கள். எனக்குப் பயம். மேடையில் தோற்றுவிடுவேனோ என்ற பயம். செவ்வாய்க் கதை இதுவரை எங்கேயும் தோற்றதில்லை.

சொன்னேன். வெள்ளை முடி என்றதும் பிள்ளைகளின் தலைகள் திரும்பின. முதலில் பக்கத்தில் இருந்தவர்கள், பிறகு வரிசை வரிசையாக. சிரிப்பு எழுந்தது. அப்போதும் நிறுத்தியிருக்கலாம். நான் செய்தது வேறு. கதையில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன். "செவ்வாய்க்காரங்க இன்னிக்கும் நம்ம நடுவுலதான் இருக்காங்களாம். பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்களை எதுக்கும் ஒரு தடவை நல்லாப் பார்த்துக்குங்க."

அவன் பெயரைச் சொல்லவில்லை, கையை நீட்டவில்லை. அதனால் நான் தப்பித்ததாக நினைத்தேன். பந்தலே குலுங்கியது. அன்று எனக்குக் கிடைத்த பெரிய சிரிப்பு அதுதான். அவன் கையை இறக்கவே இல்லை. நெற்றியில் இருந்த கை கண்களை மூடியிருந்தது. நான் அடுத்த கதைக்குப் போனேன். விழா முடிந்து சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன்.

சில வாரம் கழித்து அவனுடைய அம்மா போன் செய்தார். தையல் வேலை செய்கிறவர். கோபமாகப் பேசவில்லை.

"ஐயா, நீங்க பேசிட்டுப் போனதுல இருந்து என் பையனை எல்லாரும் செவ்வாய்னுதான் கூப்பிடறாங்க. பெஞ்சுல எழுதிவெச்சிருக்காங்க. பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு படுத்துக்கிட்டான்."

"அடடா, அப்படி ஒரு பையன் அங்க இருந்ததையே நான் கவனிக்கலையேம்மா" என்றேன்.

"நானும் அதைத்தான் அவன்கிட்ட சொன்னேங்க ஐயா. அவரு உன்னைப் பார்த்திருந்தா சொல்லியிருக்கமாட்டாருடான்னு. பார்த்திருந்தா சொல்லியிருக்கமாட்டீங்கதானே?"

"சொல்லியிருக்கவே மாட்டேம்மா."

அவர் என்னை நம்பினார். என் சார்பில் மகனிடம் ஏற்கெனவே வாதாடியும் இருந்தார். நான் அவரைக் கொண்டே அந்தப் பையனிடம் பொய் சொல்ல வைத்தேன். அவனுக்கு உண்மை தெரியும். நான் அவன் கண்ணைப் பார்த்தது அவனுக்குத் தெரியும்.

பிறகு அவர் கேட்டார். "அந்த ரெண்டு பேரும் அப்புறம் என்ன ஆனாங்க ஐயா?"

சொன்னேன். புகையிலைக் காடு, பொய், ஹாரியட், ரோனோக், வழக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் "இதை ஏன் அன்னிக்குச் சொல்லலை?" என்றார். நேரம் இல்லை என்றேன். அதுவும் பொய். அன்று எனக்குக் கொடுத்த நேரத்தைவிடக் கூடுதலாகவே பேசியிருந்தேன்.

அவர் என்னிடம் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். பள்ளிக்கு வந்து, அந்த வகுப்பில் மட்டும், அந்த அம்மா வந்த கதையைச் சொல்ல வேண்டும். "நீங்க சொன்னா அதுங்க கேட்கும்யா. நாங்க சொன்னா எடுபடாது" என்றார். வருகிறேன் என்றேன். நாளும் குறித்தோம். என்னை விழாவுக்கு அழைத்திருந்த ஆசிரியைதான் தலைமையாசிரியரிடம் பேசி அனுமதி வாங்கினார். என்னை அழைத்ததற்காக அவர் ஏற்கெனவே பேச்சு வாங்கியிருந்தார். என் பேச்சைக் கேட்டு ரசித்து, பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று ஆசைப்பட்டுக் கூப்பிட்டவர் அவர்.

நான் போகவில்லை. உறவில் ஒரு கல்யாணம் என்று அந்த ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். கல்யாணம் எதுவும் இல்லை. அன்று வீட்டில்தான் இருந்தேன். அந்த வகுப்பில் அவன் முன்வரிசையில் இருப்பான், அவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், யாராவது ஒரு பிள்ளை எழுந்து நீங்கள் அன்று இவனைப் பார்க்கவில்லையா என்று கேட்கும். இந்தப் பயத்தில்தான் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் எனக்கு வேறு ஊரில் மேடை இருந்தது.

ஆண்டு முடிவதற்குள் அவனைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவனை முன்பெஞ்சில் உட்கார வைக்க, கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர, வெயிலில் நிற்க வைக்காமல் இருக்க, அந்தப் பள்ளியில் ஒவ்வொருவரிடமும் போய் நின்று அவன் அம்மா ஏற்பாடு செய்திருந்தார். புதிய பள்ளியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் தூரத்தில் இருந்துகொண்டு. தையல் வாடிக்கையை விட்டு அவரால் ஊர் மாற முடியவில்லை. ஒரு தாயையும் மகனையும் பிரித்துவைத்தது என் கதை. ஆசிரியை சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அவனுடைய அம்மாவுக்கு நான் போன் செய்யவில்லை. அவரும் மறுபடி செய்யவில்லை.

அந்த வகுப்புப் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருப்பார்கள். அவர்களில் யாராவது இதைப் படிக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. படித்தால், நான் உங்கள் வகுப்புக்கு வந்து சொல்லியிருக்க வேண்டியது இது. செவ்வாயிலிருந்து யாரும் வரவில்லை. ஜார்ஜ், வில்லி என்று இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைக் காட்டிச் சம்பாதித்தவர்களிடமிருந்து அவர்களுடைய அம்மா ஹாரியட் மியூஸ் அவர்களை மீட்டார், கூலிக்கும் வழக்காடினார். அன்று உங்களோடு உட்கார்ந்திருந்த நண்பனை நான் மேடையிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அந்த வரியைச் சேர்த்தேன். அந்தப் பட்டப்பெயரை அவனுக்கு வைத்தது நீங்கள் அல்ல, நான்.